ஷேட் கார்டில் சந்தனம், சுவரில் மஞ்சள்: வீட்டு அறைகளின் நிறம் ஏன் மாறித் தெரிகிறது?

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டி இளம் சந்தன நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டு கோட் அடித்து முடித்ததும் அறை முழுக்க மஞ்சள் அப்பிக்கொண்டு நிற்கிறது. கடைக்காரர் மாற்றிக் கலந்துவிட்டார் என்று தகராறு தொடங்குகிறது. பெரும்பாலும் கலவை சரியாகவே இருக்கும். தப்பு வேறு இடத்தில். இரண்டு அங்குலச் சீட்டில் பார்த்த நிறம், நான்கு சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஓர் அறையில் அதே நிறமாக இருக்கவே முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால், எந்த ஷேட்டை எடுத்தால் எது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

முதலில் மூன்று அளவுகள்

நிறம் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் இவற்றைத் தனித்தனியே அளக்கும் முறையை வகுத்தார். இன்றும் அந்த அடிப்படை மாறவில்லை.

1. சாயல்: சிவப்பா, மஞ்சளா, பச்சையா, நீலமா என்பது.
2. வெளிர்மை: எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பது.
3. செறிவு: நிறம் எவ்வளவு தூயது, எவ்வளவு சாம்பல் கலந்து மங்கியது என்பது. கிளிப்பச்சை செறிவு மிக்கது; காய்ந்த வேப்பிலையின் பச்சை செறிவு குறைந்தது.

வீடுகளில் பேச்சு முழுக்க முதல் அளவைச் சுற்றியே நடக்கும். ஹாலுக்கு நீலமா பச்சையா என்று ஒரு வாரம் ஓடும். ஆனால் அடித்தபின் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் சாயல் அல்ல, செறிவுதான். அறையை இருட்டாக்குவது வெளிர்மைக் குறைவு. ஆகவே முடிவெடுக்கும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் அறைக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை, அடுத்து எவ்வளவு செறிவு தாங்கும், கடைசியாக எந்தச் சாயல்.

வெளிர்மையைச் சொல்ல பெயிண்ட் துறையில் எல்.ஆர்.வி. என்ற எண் இருக்கிறது. சுவரில் படும் ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதுதான் அது. நல்ல வெள்ளை 80-க்கு மேல், கிரீம், தந்த நிற வகைகள் ஏறக்குறைய 70 முதல் 80-க்குச் சற்று மேல் வரை, நடுத்தர ஷேடுகள் 40 முதல் 60, ஆழ்ந்த செங்கல் நிறம், கருநீலம் போன்றவை 20-க்குக் கீழ். சில நிறுவனங்கள் கார்டிலோ இணையதளத்திலோ இதை வெளியிடுகின்றன. இல்லையென்றால் டீலரிடம் ஷேட் கோடைச் சொல்லிக் கேட்கலாம்.

இந்த எண்ணுக்கு நேரடிப் பலன் உண்டு. அறையின் எல்லாப் பரப்புகளின் சராசரி எதிரொளிப்பு 50 சதவீதம் என்றால், விளக்கின் ஒளி மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்பி, மொத்தத்தில் சுமார் 2 மடங்காகப் பயன்படுகிறது. சராசரி 70 சதவீதமானால் அது 3.3 மடங்கு. அதே பல்பு, அதே மின்கட்டணம். ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு நடுத்தர ஷேட் அடித்துவிட்டுப் பகலிலும் லைட் போட்டுக்கொண்டிருப்பவர்களின் சிக்கல் இதுதான்.

சுவர் சுவருக்குப் பூசும் நிறம்

ஒரு மஞ்சள் ஷேட், தன்மேல் படும் சிவப்பு, பச்சை ஒளியில் 80 சதவீதத்தையும் நீல ஒளியில் 50 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷேட் கார்டில் ஒளி ஒரே முறைதான் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. அங்கே விகிதம் 80-க்கு 50, அதாவது 1.6. அறையில் அப்படி இல்லை. ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் பட்டு, பிறகுதான் கண்ணுக்கு வருகிறது. இரண்டாம் முறை பட்டதும் சிவப்பு, பச்சை 64 சதவீதம். நீலம் வெறும் 25. விகிதம் 2.56 ஆகிவிட்டது. மூன்றாம் முறைக்கு 4-ஐத் தாண்டும். சந்தனம் மஞ்சளாவது இப்படித்தான். பெயிண்ட் மாறவில்லை, அந்த நிறம் தன்னையே பெருக்கிக்கொள்கிறது.

சிறிய அறைகளிலும், இரண்டு சுவர்கள் சேரும் மூலைகளிலும் இது இன்னும் கூடுதல். புதிதாக அடித்த அறையின் மூலையைக் கூர்ந்து பாருங்கள். சுவரின் நடுப்பகுதியைவிட அங்கே நிறம் கெட்டியாக இருக்கும். வெள்ளை அடித்த சீலிங்கின் ஓரத்திலும் சுவரின் சாயல் ஏறியிருக்கும்.

கார்டின் ஒரே பட்டையில் ஒரு நிறம் வெளிரிலிருந்து அடர்த்திவரை படிப்படியாக அச்சாகியிருக்கும். மனத்துக்குப் பிடித்த படியிலிருந்து ஒன்றோ இரண்டோ படி மேலே, வெளிர் பக்கம் போவது வழக்கமான தீர்வு. மஞ்சள், பீச், பிங்க், பச்சை ஆகியவற்றுக்கு அது மட்டும் போதாது. சாம்பல் சற்றுக் கலந்த, மங்கிய ஷேட்டையும் தேட வேண்டும். கார்டில் ‘உயிரே இல்லை’ என்று ஒதுக்கிய ஷேட்தான் சுவரில் அளவாக அமையும்.

இன்னொன்று: ஈரமாக இருக்கும் எமல்ஷனைப் பார்த்துப் பதற வேண்டாம். அதிலுள்ள பைண்டர், அதாவது நிறப்பொடியைச் சுவரோடு பிணைக்கும் பொருள், ஈரத்தில் பால்போல் வெண்மை, காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த சுவர் சற்று அடர்த்தியாகும். முதல் கோட் காயும் முன்பே “இன்னும் கொஞ்சம் டார்க் பண்ணுங்க” என்று பெயிண்டரிடம் சொல்பவர்கள் இரண்டாம் கோட்டில் வருந்துவார்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம்?

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. “வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த வெளிச்சம், அங்கே வெப்ப நிறங்கள் அடியுங்கள்” என்பது அவற்றில் நிரந்தர வாசகம். லண்டன் 51 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளும். கோடையில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேரடி வெயிலே விழும். ஆகவே அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊருக்குப் பொருந்துவது இது:

1. கிழக்கு: காலையில் சூடான, மஞ்சள் கலந்த வெளிச்சம், மதியத்துக்கு மேல் வானத்தின் நீலம் கலந்த மங்கல் வெளிச்சம். இரண்டுக்கும் ஈடுகொடுக்க நடுநிலையான ஷேடுகள் நல்லது.
2. மேற்கு: மதியம் 2 மணிக்கு மேல் கண் கூசும் வெயில், மாலையில் ஆரஞ்சு. இங்கே பீச்சும் மஞ்சளும் அடித்தால் 5 மணிக்கு அறை தீப்பிடித்ததுபோல் இருக்கும். சாம்பல் கலந்த பச்சை, நீலம் அடங்கியிருக்கும்.
3. தெற்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தாழ்ந்து வருவதால் வெயில் உள்ளே நீளும், கோடையில் சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். இரண்டு காலத்திலும் ஷேட்டைப் பார்க்க முடியாது என்பதால் செறிவைக் குறைத்தே எடுங்கள்.
4. வடக்கு: ஆண்டின் பெரும்பகுதி சீரான, மாறாத வெளிச்சம். ஆழ்ந்த நிறம் அடிக்க ஆசையிருந்தால், ஜன்னல் பெரிதாக இருக்கும் பட்சத்தில், அதற்கு ஏற்ற அறை இதுதான்.

அடுக்குமாடி வீடுகளில் திசையைவிடப் பக்கத்து வீட்டுச் சுவரே தீர்மானிக்கும். 5 அடி தள்ளி அடர்பச்சைச் சுவர் நின்றால், உங்கள் அறைக்குள் வருவது பச்சை வெளிச்சம். ஜன்னலோரம் மாமரம் இருந்தாலும் அப்படியே. அந்த அறையில் இளம் பிங்க் அடித்தால் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். ஜன்னலருகே வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். என்ன சாயல் ஏறுகிறதோ அதுதான் உங்கள் பகல் வெளிச்சம்.

ஆழத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் 2 முதல் 2.5 மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும் அளவில் உள்ளே வரும். 7 அடி உயர ஜன்னல் என்றால் 14 முதல் 17 அடி. அதற்கு அப்பாலுள்ள பகுதியைப் பகலிலும் விளக்கொளிப் பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவு விளக்கு

வேலைக்குப் போகும் குடும்பம் தன் ஹாலைப் பார்ப்பது பெரும்பாலும் இரவில்தான். பல்பு அட்டையில் ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் ஒளி, 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் 6500-தான் அதிகம். அதன் கீழ் கிரீம் வகைகள் உயிரிழந்து, சில பச்சை தட்டும். 3000-இன் கீழ் சாம்பல் கலந்த நீலங்கள் சேறுபோல் ஆகும். இரண்டு சுவர்த் துண்டுகள் பகலில் ஒன்றுபோலவும் இரவில் வேறுவேறாகவும் தெரிவதும் இதனால்தான். வெவ்வேறு பிக்மெண்டுகளில் (நிறப்பொடிகளில்) கலந்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தவை ஓர் ஒளியில் ஒத்துப்போகும், இன்னோர் ஒளியில் பிரிந்துவிடும்.

சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதை 100 வரையிலான அளவில் சொல்வது அது. மலிவான எல்.இ.டி.களில் இது 80 அளவில் இருக்கும், ஆழ்சிவப்பை நன்றாகக் காட்டாது. செங்கல் நிறச் சுவரும் தேக்குக் கதவும் அவற்றின் கீழ் மங்கிப்போகும். அத்தகைய நிறங்கள் உள்ள அறைக்கு 90-க்கு மேற்பட்ட பல்பு போடுவது, பெயிண்டை மாற்றுவதைவிடச் செலவு குறைந்த வழி. மொத்தத்தில், பல்பை முதலில் முடிவு செய்யுங்கள், பெயிண்டைப் பிறகு.

மாற்ற முடியாதவற்றோடு ஒத்துப்போதல்

தரை, நிலைக்கதவு, சமையல் மேடை கிரானைட், பாத்ரூம் டைல் ஆகியவை அடுத்த 15, 20 வருடங்களுக்கு இருக்கப்போகிறவை. நிறத் திட்டம் இவற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் நடைமுறையில் சுவர் நிறத்தை முடிவுசெய்துவிட்டு, தரையோடு ஏன் சண்டைபோடுகிறது என்று யோசிக்கிறோம்.

அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும். பாரிஸின் கோபலின்ஸ் நெசவாலையில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோல், கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நூலின் நிறமே கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டார். அந்த ஆய்வை 1839-இல் வெளியிட்டார். அதே விதிதான் நம் ஹாலிலும் வேலை செய்கிறது. ஐவரி நிற விட்ரிஃபைடு டைலில் லேசான மஞ்சள் இருக்கும். அதன்மேல் சாம்பல் கலந்த வெள்ளைச் சுவர் எழும்பினால், சுவர் நீலமாகவும் டைல் பழுப்பேறியதாகவும் தெரியும். இரண்டும் தனித்தனியே நல்ல நிறங்கள்தான்.

இதைத் தவிர்க்க அடிச்சாயலைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளை, ஆஃப் ஒயிட், சாம்பல் என்று எதுவும் சுத்தமாக இருப்பதில்லை. உள்ளே மஞ்சள், பிங்க், பச்சை, நீலம் ஏதாவது ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க இரண்டு வழிகள்: ஷேட்டைச் சாதாரண ஏ4 தாளின்மேல் வைத்துப் பாருங்கள். அல்லது, கார்டின் அதே பட்டையில் அடியிலுள்ள மிக அடர்த்தியான ஷேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் வெளிர் ஷேட்டின் அடிச்சாயல் அங்கே வெளிப்படையாகத் தெரியும். தரையில் மஞ்சள் இருந்தால் சுவரிலும் மஞ்சள் அல்லது பழுப்பு அடிச்சாயல்; சாம்பல் தரை என்றால் சாம்பல் அல்லது பச்சை அடிச்சாயல். சிவப்பு ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கல்லும் தாமே நிறம் நிறைந்தவை. அங்கே சுவர் ஒதுங்கியிருப்பதுதான் அழகு. செட்டிநாட்டு வீடுகளின் வெள்ளைச் சுவர் அதற்குச் சாட்சி.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஒரு பிடி நீலம் கலப்பதும் அடிச்சாயல் வேலைதான். சுண்ணாம்பின் மஞ்சளை அந்த நீலம் அடித்துவிடுவதால் சுவர் பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு நிறம், எந்தச் சுவரில்?

அலங்காரத் துறையில் 60-30-10 என்று ஒரு பங்கீடு சொல்வார்கள்: 60 சதவீதம் முதன்மை நிறம், 30 துணை நிறம், 10 எடுப்பான நிறம். இது வழிகாட்டிதான். ஆனால் 60-இல் சுவரோடு தரையையும் 30-இல் மரச்சாமான், திரைச்சீலை, வார்ட்ரோப் கதவுகளையும் சேர்க்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். வார்ட்ரோப், கட்டில், கதவு மூன்றும் தேக்கு நிறமாக இருக்கும் பெட்ரூமில் 30 ஏற்கெனவே நிரம்பிவிட்டது. சுவரில் இன்னொரு நிறத்துக்கு இடமில்லை.

ஒரு சுவரை மட்டும் அழுத்தமாக அடிக்கும்போது நடக்கும் தவறுகள் மூன்று.

1. ஜன்னல் இருக்கும் சுவரைத் தேர்ந்தெடுப்பது. பளீரென்ற ஜன்னலைச் சுற்றி இருண்ட சுவர் இருந்தால் கண் கூசும். ஜன்னல் சுவர் வெளிராகவே இருக்கட்டும். எதிரிலோ கட்டிலின் தலைமாட்டிலோ உள்ள சுவரை எடுங்கள்.
2. வெளியே துருத்தி நிற்கும் வெளிமூலையில் நிறத்தை நிறுத்துவது. உள்மூலையில் நிறுத்தினால் கோடு தெரியாது. வெளிமூலையில் சிறு கோணலும் கண்ணில் குத்தும்.
3. இருட்டு மூலையில் சிவப்பு அடிப்பது. வெளிச்சம் குறையும்போது சிவப்புதான் முதலில் கருக்கும். நீலமும் பச்சையும் அவ்வளவு சீக்கிரம் மங்காது.

நீண்டு குறுகிய ஹாலில் கடைசிக் குறுக்குச் சுவரை அழுத்தமாக்கினால் அது அருகில் வந்ததுபோல் தெரியும். நீளச் சுவர்களை அழுத்தமாக்கினால் நடைக்கூடம்போல் ஆகிவிடும்.

பளபளப்பும் நிறத்தின் ஒரு பகுதியே. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பட்டியின் மேடுபள்ளங்களை மறைக்கும். லேசாக மின்னும் சாட்டின், ஷீன் வகைகள் காட்டிக்கொடுக்கும், குறிப்பாக ஜன்னலை ஒட்டிய சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் வழியும்போது. எண்ணெய்ப் புகை படியும் சமையலறைக்கும் குழந்தைகள் அறைக்கும் துடைக்கக்கூடிய சாட்டின் தேவை. சீலிங்குக்கு எப்போதும் மேட் வெள்ளை. தரைத்தளத்தில் கீழிருந்து ஈரம் ஏறும் சுவர்களில் அழுத்த நிறம் வேண்டாம்; உப்பு பூத்தால் வெள்ளைத் திட்டாகப் பளிச்சென்று தெரியும். முதலில் ஈரத்துக்கு வழி செய்யுங்கள்.

சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் தூக்கம் தரும் என்பதையெல்லாம் அதிகம் நம்ப வேண்டாம். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கடற்படைச் சிறையின் அறை ஒன்றுக்கு ஒருவகைப் பிங்க் அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்ததாக அறிக்கை வந்தது, பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னால் கட்டுப்பாட்டுடன் நடந்த சோதனைகளில் அந்த விளைவு உறுதிப்படவில்லை. உள்சுவரில் நீலம் அடித்தால் அறை குளிரும் என்பதும் கண்ணுக்கு மட்டுமே உண்மை. வெப்பத்தைக் குறைப்பது வெளிச்சுவர், மொட்டை மாடி ஆகியவற்றின் வெளிர்நிறம். வாஸ்து பார்ப்பவர்களுக்குத் தீர்வு எளிது: வாஸ்து நிபுணர் ஆரஞ்சு என்றால் மங்கிய பீச், பச்சை என்றால் சாம்பல் கலந்த இளம்பச்சை. சாயலைத்தான் அவர் சொல்வார். செறிவும் வெளிர்மையும் உங்கள் கையில்.

அடிக்கும் முன் சோதனை

கைபேசித் திரையில் சுவர் நிறத்தை மாற்றிக் காட்டும் செயலிகள் சாயலைக் குறுக்க உதவும், முடிவெடுக்க உதவாது. திரை தானே ஒளிர்கிறது, கேமரா வெள்ளையைத் தன் விருப்பத்துக்குத் திருத்திக்கொள்கிறது. நம்பத்தக்க சோதனை இது:

1. இரண்டு அல்லது மூன்று ஷேடுகளில் சிறிய சாம்பிள் டப்பா வாங்குங்கள். 200 மி.லி. போதும்.
2. ஒவ்வொரு ஷேட்டுக்கும் 2 அடிக்கு 2 அடி கெட்டி அட்டை இரண்டில், பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட். ஒரு நாள் காயவிடுங்கள்.
3. ஒரே ஷேட்டின் இரண்டு அட்டைகளையும் அறையின் உள்மூலையில் செங்கோணமாக நிறுத்துங்கள். மேலே சொன்ன பெருக்கம் சிறிய அளவில் இங்கேயே தெரிந்துவிடும். ஒற்றை அட்டையில் இது தெரியாது.
4. அட்டையின் அடி தரை டைலைத் தொடட்டும். பிறகு நிலைக்கதவை ஒட்டியும் வைத்துப் பாருங்கள்.
5. காலை 8, மதியம் 1, மாலை 5, இரவு அறையின் சொந்த பல்பில் என நான்கு நேரம் பாருங்கள். இரவில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.
6. பழைய சுவர் அடர்பச்சையோ பிங்கோ என்றால், முதலில் பிரைமர் அடித்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய நிறத்தின் ஒளி அட்டைமேல் விழுந்து ஏமாற்றும்.

ஒரு ஹால், முழுக் கணக்கு

18-க்கு 10 அடி, 10 அடி உயர ஹால். ஒரு முனையில் கிழக்குப் பார்த்த பால்கனி, மறுமுனையில் சாப்பாட்டு மேசை. ஐவரி டைல், தேக்குக் கதவு. சாப்பாட்டு முனை பகலிலும் மங்கல்தான். எனவே மூன்று சுவர்களுக்கு எல்.ஆர்.வி. 75 அளவில், பழுப்பு அடிச்சாயல் கொண்ட ஆஃப் ஒயிட். மேசைக்குப் பின்னுள்ள குறுக்குச் சுவருக்குச் செங்கல் நிறம் ஆசையாக இருக்கும், ஆனால் அந்த மங்கலில் அது காபிக்கொட்டையாகிவிடும். சாம்பல் கலந்த ஆலிவ் பச்சை அங்கே நிற்கும், தேக்கோடும் ஒத்துப்போகும். பல்பு 3000 அல்லது 4000, ஹால் முழுக்க ஒரே எண்.

சுற்றளவு 56 அடி, உயரம் 10. ஆக 560 சதுர அடி. பால்கனி, வாசல், உள்கதவுகள் போக ஏறக்குறைய 450. அதில் குறுக்குச் சுவர் 100, மீதி 350. பட்டி பார்த்த சுவரில் நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட்டில் 120 சதுர அடி அளவு வரும். ஆஃப் ஒயிட்டுக்கு 3 லிட்டர் செலவாகும். 4 லிட்டர் டப்பா வாங்கினால் டச்சப்புக்கு மிஞ்சும். குறுக்குச் சுவருக்கு இரண்டு கோட் போதாமல் போகலாம். அழுத்த ஷேடுகளைக் கலக்கும் பேஸில் (நிறம் சேர்க்கும் முன்பான அடிப்படை பெயிண்டில்) வெள்ளைப் பிக்மெண்ட் குறைவு, அடியிலிருப்பதை மறைக்கும் திறனும் குறைவு. மூன்று கோட்டுக்கு 1.25 லிட்டர், எனவே இரண்டு 1 லிட்டர் டப்பா. வெள்ளைப் பிரைமருக்குப் பதில் சாம்பல் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட் மிச்சமாகலாம்.

அந்த இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டிண்டிங் மெஷினில் அடுத்தடுத்துக் கலந்தவைகூட மயிரிழை வித்தியாசப்படும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் கோடு விழும். மூடியிலுள்ள ஷேட் கோட், பேஸ், பேட்ச் எண், ஃபினிஷ் நான்கையும் படமெடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே கோடில் வாங்கி அடித்தாலும் திட்டாகத் தெரியும், ஏனென்றால் சுவர் அதற்குள் அழுக்கேறி மங்கியிருக்கும். அப்போது கறை பட்ட இடத்தில் மட்டும் தடவாமல், மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்துவிடுங்கள்.